சிவப்பு பிட் நுழையாத பிளாக்

தொட்டியை நான்தான் கழுவ வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் எங்கள் பட்டறையில் அசிங்கமான வேலை எதுவாக இருந்தாலும் அது நேராக என்னைத் தேடித்தான் வரும். எஞ்சின் பிளாக்குகளை ஊறவைத்துக் கழுவுகிற காஸ்டிக் தொட்டியின் வடிகால் அன்று காலை அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் போரிங் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "கொஞ்சம் என்னன்னு பாரேன்" என்றார். அவருடைய 'கொஞ்சம் பாரேன்' என்றால் முழுவேலையும் என் தலையில் என்று அர்த்தம். முழங்கை வரைக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு, தொட்டியையும் அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே அடியில் படிந்த சேற்றை அள்ள ஆரம்பித்தேன்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஓடி ஓடித் தேய்ந்துபோன எஞ்சினின் இரும்பு உடம்பான பிளாக்கில் இருக்கிற சிலிண்டர் துளைகளைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற புது பிஸ்டன் போட்டுத் திருப்பிக் கொடுப்போம். கடைவது அவர். பிஸ்டன் வரவழைப்பது, கழுவுவது, வாடிக்கைக்காரர்களிடம் வாய்ச்சண்டை போடுவது எல்லாம் நான். தொழிலில் இருப்பவர்கள் அவருக்கு 'அரைநூல்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அளவில் அரை நூல் தப்பினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. சிரிக்கிறதையும் அளந்துதான் சிரிப்பார்.

சேற்றோடு கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. தூக்கிப் போடப் போனவள், என்னமோ தோன்றிக் கழுவிப் பார்த்தேன். கெட்டியாக இறுகிப்போன துருப்பாறை. விரல் நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் உள்பக்கமாகக் குழிந்து, நடுவில் மட்டும் மெலிந்திருந்தது. தேய்த்துத் தேய்த்து நடுவில் ஒடுங்கிப்போன சோப்புத் துண்டு மாதிரி. அதைத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

ஏன் அப்படித் தோன்றியது என்று புரிய வேண்டுமானால் சின்னதும் பெரியதும் பற்றித் தெரிய வேண்டும்.

நாங்கள் அதிகம் பார்க்கிற ஒரு எஞ்சின் இரண்டு அளவில் வரும். ஆயிரத்து அறுநூறு சிசி ஒன்று, ஆயிரத்து எண்ணூறு சிசி ஒன்று. வெளியே இருந்து பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதே உயரம், அதே நீளம், அதே ஓட்டைகள். சிலிண்டர் துளை மட்டும் பெரியதில் கொஞ்சம் அகலம். பக்கவாட்டில் ஒரு எண் வார்த்திருப்பார்கள், அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சில களவாணிகள் என்ன செய்வார்கள் என்றால், சின்ன பிளாக்கைக் கடைந்து கடைந்து பெரியதின் அளவுக்குக் கொண்டுவந்து, அந்த எண்ணையும் தேய்த்து அழித்துவிட்டு, பெரியது என்று சொல்லி விற்றுவிடுவார்கள். துளையை எந்தக் கருவி வைத்து அளந்தாலும் பெரியது என்றுதான் காட்டும். துளை எவ்வளவு அகலம் என்று கருவி சொல்லும், அதைச் சுற்றி எவ்வளவு சுவர் மிச்சம் இருக்கிறது என்று சொல்லாது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடுகிறது.

அதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறைக்கு வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும். நடு மூடியைத் தட்டிக் கழற்றினால், உள்ளே இரண்டு சிலிண்டர்கள் தோளோடு தோள் நிற்பது தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு டிரில் பிட்டின் வால்பக்கத்தை நுழைத்துப் பார்ப்பார். பெரியதில் சுவர் தடிமன், அதனால் இடைவெளி குறுகல், பிட் நுழையாது. சின்னதில் சுவர் மெலிசு, இடைவெளி அகலம், பிட் தாராளமாகப் போய்விடும். இதற்கென்றே ஒரு பிட்டுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். பேனா வைத்திருக்கிற மனிதர்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் பிட்டோடு கல்யாண வீட்டுக்கு வருவார்.

கையில் இருந்த துருப்பாறை அந்த இடைவெளியில்தான் விளைந்திருக்க வேண்டும். இரண்டு உருண்டைச் சுவர்களுக்கு நடுவில் சிக்கினால்தான் இரண்டு பக்கமும் அப்படிக் குழியும்.

"என்னங்க, இங்க வாங்க."

"மெஷின் ஓடுது."

"நிறுத்திட்டு வாங்க."

என் குரலில் திட்டு இல்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும், உடனே வந்துவிட்டார். கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் இருந்து சிவப்பு பிட்டை எடுத்து, கட்டியின் மெலிந்த நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வைத்தார். பிட்டைவிடக் கட்டி தடிமனாக இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தக் கட்டி இருந்த இடத்துல பிட்டு போகும்ல?" என்றேன்.

"போகும்."

"அப்ப அது சின்ன பிளாக்குதானே?"

"வேற ஏதாவது எஞ்சினோடதா இருக்கும்."

"தொட்டித் தண்ணியைச் சூடாக்குற ஹீட்டர் ரிப்பேர்ல இருந்தப்ப நான்தான் தொட்டியைக் கழுவி வெச்சேன். சரி பண்ணினப்புறம் அதுல இறங்கினது ரெண்டே பிளாக்கு. ஒண்ணு அதோ ஸ்டாண்டுல நிக்குது. இன்னொண்ணு என் தங்கச்சி வண்டில ஓடுது."

இரண்டும் ஒரே பழைய இரும்புக் கடையில் இருந்து வந்தவை. இரண்டிலும் எண் இல்லை. ஒன்றில் துரு தின்றுவிட்டது, இன்னொன்றிலும் துருதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டோம். இரண்டிலும் பிட் நுழையவில்லை, இரண்டும் பெரியதுதான் என்று அவர் கம்பியில் அட்டை கட்டித் தொங்கவிட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"கழுவுறதுக்கு முன்னாடியே பிட்டு விட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கட்டியைத் தொட்டி விளிம்பில் வைத்தார். கழுவிய பிறகுதான் பிட் விட வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிற மனிதர். ஹீட்டர் வயர் எரிந்துபோய், புதுசு வருகிறவரை கை சும்மா இருக்கவில்லை. தங்கச்சி வண்டி வேறு வாசலில் எஞ்சின் இல்லாமல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. துரு அடைத்த பிளாக்கில் பிட்டை விட்டிருக்கிறார், துரு தடுத்ததைச் சுவர் தடுத்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அட்டை கட்டியாகிவிட்டது என்று கழுவிய பிறகு மறுபடி பார்க்கவில்லை. அப்புறம் அதை நிஜமான பெரிய பிளாக் என்று நினைத்து, தேய்மானம் போக இன்னும் ஒரு சுற்றுக் கடைந்திருக்கிறார்.

"முதல்ல அதைப் பாருங்க" என்று ஸ்டாண்டில் இருந்த பிளாக்கைக் காட்டினேன். அதில் பிட் நுழைந்துவிட்டால் கட்டி அதிலிருந்து வந்தது என்று ஆகிவிடும். பட்டறையில் ஒரு பிளாக் வீண், அவ்வளவுதான், தங்கச்சிக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் பிட் நுழையக் கூடாது, நுழையக் கூடாது என்று எத்தனையோ தடவை வேண்டிக்கொண்டு டார்ச் பிடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக நுழைந்து தொலையேன் என்று வேண்டினேன்.

நான் டார்ச் பிடித்தேன், அவர் பிட்டை விட்டார். முட்டியது. திருப்பிப் பிடித்து விட்டார். முட்டியது. டார்ச்சை வாங்கி அவரே உள்ளே குனிந்து பார்த்தார். சுத்தமான இரும்பு, துருவின் பொட்டு கூட இல்லை.

"இது பெரியது" என்றார்.

மலைப்பாதை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புது எஞ்சின் என்று இத்தனை நாளும் ஊருக்குள்ளேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக அன்றைக்குத்தான் வேன் நிறையப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டிப் போகிறார்கள்.

வேன் என் தங்கச்சி வீட்டுக்காரருடையது. ஓட்டுகிறவர் அவர், ஆள் ஏற்றி மூட்டை ஏற்றி உட்கார வைக்கிறது என் தங்கச்சி. தொண்டை பெரிசு என்பதால் அவருக்கு எங்கள் வீட்டில் 'ஹாரன்' என்று பெயர். சகலைகள் இருவரும் சமீப காலம் வரை முகம் கொடுத்துப் பேசியதில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் அம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, ஹாரன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். என் வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "தம்பி, வண்டி இருமுது. இப்படியே ஓட்டினா ஒருநாள் நடுரோட்டுல படுத்துக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹாரன் இலையில் கை வைக்காமலே எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் விசேஷம் என்றால் ஒருவர் இந்த மூலை, மற்றவர் அந்த மூலை. நானும் தங்கச்சியும் நடுவில் தூது போய்க் கால் தேய்ந்தோம்.

கடைசியில் வண்டி அவர் சொன்ன மாதிரியே நடுரோட்டில் படுத்துக்கொண்டது. சொன்னது பலித்ததுதான் ஹாரனுக்கு இன்னும் எரிச்சல். தங்கச்சி வந்து கண்ணைக் கசக்கினாள். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் பிளாக் தேடப் போனார். எஞ்சினைச் செய்து முடித்துக் கொடுத்த அன்று, ஹாரன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் கை பட்டாலே தனிதான்" என்றார். இவருக்கு வாயெல்லாம் பல். நான் தங்கச்சியைத் தனியாக இழுத்துப் போய், "இதோ பாருடி, அங்க சத்தம் வருது இங்க புகை வருதுன்னு சின்னச் சின்னக் குறையைத் தூக்கிட்டு வந்து நிக்காதே. இப்பதான் ரெண்டும் மூஞ்சி பார்த்துப் பேசுது" என்று சொல்லி அனுப்பினேன்.

தங்கச்சியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஹாரனைக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார், அது எனக்கும் தெரியும். மறுபடி தங்கச்சியை. மணி அடித்தது. இவளுக்கு என்ன கேடு, சாதாரண நாளில் முதல் மணியிலேயே எடுத்து உயிரை வாங்குவாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"கிளம்புங்க" என்றேன்.

எங்கள் குட்டி டெம்போவில் அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, சீட்டைச் சரிசெய்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நகருங்க, நான் ஓட்டறேன்." நகர்ந்து உட்கார்ந்தார். சிவப்பு பிட்டை உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்தார்.

ஊரைத் தாண்டினோம். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, கேட்டேன்.

"சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கும்?"

"சில இடத்துல நகம் அளவுதான் இருக்கும்."

"ஊருக்குள்ள இத்தனை நாள் ஓடுச்சே?"

"ஊருக்குள்ள தாங்கும். மலை ஏறும்போது சூடு ஏறும், அழுத்தம் ஏறும். சுவர் வெடிச்சா தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கும். நிறைய இறங்கிட்டா எஞ்சின் அப்படியே பிடிச்சுக்கும்."

"ஏறும்போது பிடிச்சா?"

"நின்னு போகும். பரவால்ல."

"இறங்கும்போது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகும், பிரேக் பெடல் கட்டையாகும், அது எனக்கும் தெரியாததல்ல. அந்தப் பக்கம் இறக்கத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வேனில் முன் சீட்டில் கதவோரம்தான் என் தங்கச்சி உட்காருவாள். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். டெம்போ கிழவி மாதிரி முனகியதே தவிர வேகம் எடுக்கவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. வேன்கள் எல்லாம் ஏறுவதற்கு முன் அங்கே நின்றுதான் போகும். பயணிகள் கை காலை நீட்டுவார்கள். அங்கே பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். உள்ளே திருப்பினால் ஒரு லாரி மட்டும் நின்றது.

பெட்ரோல் போடுகிறவரிடம் வேனின் நிறத்தைச் சொல்லிக் கேட்டேன். "இப்பதாங்க மேல போச்சு. தண்ணி கேட்டாங்க, எங்க குழாயில தண்ணி வரல. மேல பாத்துக்கறோம்னு போயிட்டாங்க" என்றார்.

பயணிகளுக்குக் குடிக்கக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். என் வீட்டுக்காரர் மட்டும், "தண்ணியா கேட்டாங்க?" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

ஏற்றம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பக்கம் வேன் தெரியுமா என்று கண் வலிக்கப் பார்த்தேன். எதிரே இறங்கி வருகிற வண்டிக்காரர்கள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள், திட்டட்டும். உச்சியைத் தாண்டிவிட்டால் போச்சு என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. இரண்டு தடவை ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு போனை எடுத்து அவரிடம் கொடுத்து, "கூப்பிடுங்க, கூப்பிட்டுட்டே இருங்க" என்றேன். கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

பாறையில் இருந்து இறங்கும் ஊற்றுக்கு ஒரு குழாய் வைத்திருக்கிற வளைவு ஒன்று வரும். அங்கே நின்றது வேன். பயணிகள் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. டெம்போவை வேனுக்கு முன்னால் குறுக்காக நிறுத்தி, இனி அது எங்கேயும் போக முடியாதபடி செய்துவிட்டுத்தான் இறங்கினேன்.

தங்கச்சி குழாயடியில் இருந்தாள். கையில் தண்ணீர் கேன். என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனவள், பின்னாலேயே என் வீட்டுக்காரர் இறங்குவதைப் பார்த்ததும் கேனைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பெரிய கேன், அவள் முதுகுக்குப் பின்னால் எப்படி மறையும். தண்ணீர் அவள் கால்மேல் வழிந்துகொண்டிருந்தது.

ஹாரன் வேகமாக வந்தார். "அண்ணே, நீங்க எங்க இந்தப் பக்கம்? சும்மாதான் நிறுத்தினோம். ஜனங்க காத்தாட நிக்கட்டும்னு."

"வண்டி எப்படி ஓடுது தம்பி?" என்றார் இவர்.

"பஞ்சு மாதிரி ஓடுது அண்ணே. உங்க கை வேலைக்குக் கேக்கணுமா?"

"தண்ணி குறையுதா?"

"அதெல்லாம் இல்லண்ணே." ஹாரன் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இவர் ஹாரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் தப்புப் பண்ணிட்டேன். உள்ள இருக்கிறது பெரிய பிளாக்கு இல்ல. சின்னது. நான் சரியா பாக்கல. ஜனங்களை வேற வண்டில அனுப்பிடுங்க."

"அப்படிலாம் சொல்லாதீங்க அண்ணே. நீங்க போய் தப்புப் பண்ணுவீங்களா?"

"பண்ணிட்டேன் தம்பி."

"இருக்காது அண்ணே. கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். நம்ம மேல போய்ப் பாத்துக்கலாம்."

இவர் கெஞ்ச, அவர் மறுக்க, இரண்டு பேரும் மரியாதையில் ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு நின்றார்கள். நான் போய்த் தங்கச்சியின் கையில் இருந்து கேனைப் பிடுங்கி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.

"இது எதுக்கு? இதைச் சொல்லிட்டு அப்புறம் கொஞ்சிக்கங்க."

என் வீட்டுக்காரர் வேனின் முன் சீட்டைத் தூக்கினார். அதற்குக் கீழேதான் எஞ்சின். அனல் முகத்தில் அடித்தது. ஆறும் வரை காத்திருந்தோம். அதற்குள் மேலே போகிற ஒரு பஸ்ஸை நிறுத்தி, தங்கச்சி பயணிகளை ஏற்றி அனுப்பினாள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியவர், "புது எஞ்சின்னு சொன்னீங்களே" என்று கேட்டுவிட்டுப் போனார், ஹாரன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆறின பிறகு இவர் அடியில் இருந்த திருகைத் திறந்து தண்ணீரை வடித்தார். வழக்கமாக அந்த எஞ்சினில் இருந்து எவ்வளவு வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதில் பாதிகூட வரவில்லை. நடு மூடியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினார். பிறகு சிவப்பு பிட்டை எடுத்தார். உள்ளே விடப் போனவர், நிறுத்தி, அதை ஹாரனிடம் நீட்டினார்.

"நீங்களே விடுங்க தம்பி. ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல. முட்டினா நீங்க சொல்றது சரி."

ஹாரன் குனிந்தார். முட்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. பிட் உள்ளே போனது. எங்கேயும் உரசக்கூட இல்லை. அவர் விரல் இரும்பில் இடிக்கிறவரை போனது.

இவர் ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவது சிலிண்டருடையது ஈரமாக இருந்தது. நுனியில் ஒரு சொட்டு தண்ணீர் நின்றது. உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அதற்கப்புறம் முழுக்க இறக்கம்.

"எப்ப இருந்துடி?" என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"காலைல கிளம்பினதுல இருந்து. முதல்ல கொஞ்சம்தான் குடிச்சுது. பங்க் வர்றதுக்குள்ள கேன் காலி."

"நான் எத்தனை தடவை கூப்பிட்டேன். ஏன் எடுக்கல?"

"வண்டி எப்படி ஓடுதுன்னு கேப்பே. எடுத்தா பொய் சொல்லணும். உங்கிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது." மூக்கை உறிஞ்சினாள். "நீதானேக்கா சொன்னே, சின்னச் சின்னக் குறையைத் தூக்கிட்டு வராதேன்னு."

நான் கேனின் மூடியைத் தேடி எடுத்துத் திருகினேன்.

ஹாரன் பாறையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்தான் சொல்ல வேணாம்னேன் அண்ணி. அன்னைக்கு அண்ணன் என் வண்டியைச் சொன்னதுக்கு நான் இலையை விட்டு எழுந்து போனேன். இப்ப நான் அவர் வேலையைச் சொன்னா அவர் எழுந்து போயிடுவாரோன்னு பயமா இருந்துச்சு. மறுபடி இவ அழுவா, நீங்க அழுவீங்க. தண்ணிதானே, ஊத்திக்கலாம்னு நினைச்சேன்."

என் வீட்டுக்காரர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கரி படிந்த கையால் துடைத்துக்கொண்டார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். ஹாரன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல், சிவப்பு பிட்டை அவர் சட்டைப்பையில் திருப்பிச் செருகினார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று கேட்காதீர்கள், எல்லார் மேலும், முக்கியமாக என் மேல்.

"இப்ப கூப்பிடு" என்றேன் தங்கச்சியிடம்.

"என்னக்கா?"

"போனை எடு. எனக்குக் கூப்பிடு. காலைல சொல்ல வேண்டியதை இப்ப சொல்லு. இனிமே என்ன ஆனாலும் கூப்பிட்டுச் சொல்ற பழக்கம் வரட்டும்."

பைத்தியமா நீ என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பையில் இருந்து போனை எடுத்துக்கொண்டு வேனுக்கு அந்தப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் என் இடுப்பில் போன் அடித்தது.

"அக்கா."

"சொல்லுடி."

"மாமா செஞ்சு கொடுத்த எஞ்சின் தண்ணி குடிக்குதுக்கா. எனக்குப் பயமா இருக்கு." குரல் போனிலும் வந்தது, வேனைச் சுற்றிக்கொண்டும் வந்தது. கல்லில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் தலை நிமிர்ந்து கேட்டார்கள்.

"வண்டி எங்க இருக்கு?"

"மலையில. குழாய்கிட்ட நிறுத்தியிருக்கோம்."

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

"அங்கேயே இருங்க" என்றேன். "மேல ஏறாதீங்க. மாமாவைக் கூட்டிட்டு இதோ வந்துடறேன்."